மீட்டிங் போட்டால் பிபி குறையுமா?

வாசகர் கேள்வி பதில் – பெங்களூரு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களை ஐந்தாறாகச் சேர்த்து, எல்லாரும் கூடித் தரத்தை உயர்த்துவோம் என்று சில இடங்களில் வேலை ஆரம்பித்திருக்கிறார்களாம். உள்ளே வேலை பார்ப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள், வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். வேலை செய்யும் இடம் தெரிந்தால் சிக்கல் என்று பலர் கேட்டுக்கொண்டதால் பெயர்களை எடுத்துவிட்டேன். கீழே இருப்பது அவர்கள் குடியிருக்கும் பகுதி மட்டும், வேலை பார்க்கும் இடம் இல்லை.

கேள்வி: எங்கள் நிலையத்தையும் பக்கத்தில் உள்ள ஐந்து நிலையங்களையும் சேர்த்து ஒரு குழு ஆக்கியிருக்கிறார்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை எல்லாரும் கூட வேண்டுமாம், நடுவில் சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்து பார்க்க வேண்டுமாம். இருக்கிற ரிஜிஸ்டருக்கும் போர்ட்டல் என்ட்ரிக்குமே நேரம் போதவில்லை. இது இன்னொரு மீட்டிங்தானே?
– ஸ்டாஃப் நர்ஸ், மர்ஃபி டவுன்

பதில்: சரியாக நடத்தாவிட்டால் இன்னொரு மீட்டிங்தான் சிஸ்டர், அதில் சந்தேகம் வேண்டாம். ஏசி ஹால், ஸ்லைடு, சமோசா, குரூப் போட்டோ, முடிந்தது. ஆனால் இதை முதலில் யோசித்தவர்கள் நினைத்தது அது இல்லை.

1995-இல் அமெரிக்காவில் ஐஹெச்ஐ என்ற, மருத்துவத் தரத்தை உயர்த்த வேலை செய்யும் நிறுவனம் இந்த முறைக்கு உருவம் கொடுத்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் டொனால்ட் பெர்விக் என்ற குழந்தை மருத்துவர். அவர்களை உறுத்திய விஷயம் இதுதான்: எது நல்ல சிகிச்சை என்பது புத்தகத்தில் இருக்கிறது, டாக்டருக்கும் தெரிகிறது, ஆனாலும் நோயாளியின் கைக்கு வந்து சேர்வது வேறாக இருக்கிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனியாக முட்டி மோதிக் கற்றுக்கொள்வதற்குப் பதிலாக, ஒரே பிரச்சினையை எடுத்துக்கொண்ட பல குழுக்கள் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ சேர்ந்து வேலை செய்தால் என்ன என்று கேட்டார்கள். இடையிடையே கூட வேண்டும், மற்ற மாதங்களில் அவரவர் இடத்தில் செய்து பார்க்க வேண்டும், அடுத்த முறை வரும்போது எது நடந்தது, எது சொதப்பியது, எண் என்ன சொல்கிறது என்று எல்லாவற்றையும் மேசையில் வைக்க வேண்டும். கூட்டம் ஒரு சாக்கு, வேலை நடப்பது அந்த நடு மாதங்களில்.

தரமெல்லாம் பணக்கார நாட்டுக் கவலை, நமக்கு ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. 2018-இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் ஒன்று கணக்குப் போட்டது. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில், நல்ல மருத்துவம் இருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் ஆண்டுக்கு 86 லட்சம். அதில் 36 லட்சம் பேர் மருத்துவத்தை எட்டவே முடியாதவர்கள். மிச்சம் 50 லட்சம் பேர் ஆஸ்பத்திரிக்கோ கிளினிக்குக்கோ போனவர்கள், போயும் உருப்படியான சிகிச்சை கிடைக்காமல் இறந்தவர்கள். இதைப் படித்த பிறகு தரம் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, சின்ன மாற்றம் என்றால் என்ன? உங்கள் நிலையத்தில் இந்த மாதம் பிபி மாத்திரைக்கு வர வேண்டியவர்கள் நூறு பேர், வந்தவர்கள் ஐம்பத்தைந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். "இந்த ஜனங்களுக்கு அக்கறை இல்லை" என்று ஓபியில் ஒரு வசனம் எப்போதும் தயாராக இருக்கும், அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வராத நாற்பத்தைந்தில் பத்துப் பேருக்குப் போன் போட்டுப் பாருங்கள். வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவுக்கு ஓபி நேரமும் வேலை நேரமும் ஒன்று. இன்னொருவருக்குப் போன தடவை மாத்திரை பத்து நாளைக்குத்தான் கொடுத்தார்கள், பத்து நாளைக்கு ஒரு முறை லீவு போட்டால் கூலி போய்விடும். ஒருவர் தலைசுற்றல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஒருவர் சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை என்று மூன்று முறை நிற்க முடியாத முட்டிவலிக்காரர்.

இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை, பழைய மாத்திரையையே தொடர வேண்டியவர்களில் முதல் ஐந்து பேருக்கு மட்டும், நீங்கள் பிபி பாருங்கள். 140/90-க்குக் கீழே இருந்து, வேறு தொந்தரவும் இல்லை என்றால் டாக்டர் அங்கேயே கையெழுத்துப் போடட்டும், ஆள் நேராக மருந்துக் கவுன்டருக்குப் போகட்டும். அன்று சாயங்காலம் ஐந்து நிமிடம் நின்று பேசுங்கள்: மருந்துக் கவுன்டரில் கூட்டம் சேர்ந்ததா? யாராவது டாக்டரைப் பார்க்கவில்லையே என்று வருத்தப்பட்டார்களா? சரிசெய்து அடுத்த செவ்வாய் பத்துப் பேருக்குச் செய்யுங்கள். திட்டமிடு, செய், என்ன ஆனது என்று பார், திருத்து. இதைத்தான் பயிற்சிக்கு வருகிறவர்கள் பிடிஎஸ்ஏ என்று பெரிய வட்டம் வரைந்து காட்டுகிறார்கள். வட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஐந்து நோயாளியும் ஒரு செவ்வாயும் போதும்.

மற்ற ஐந்து நிலையங்கள் எதற்கு என்றால், நீங்கள் வரிசையைச் சுருக்கிப் பார்க்கும் அதே மாதத்தில் இன்னொரு நிலையம் சாயங்கால ஓபி வைத்துப் பார்த்திருக்கும், இன்னொன்று ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்துப் பார்த்திருக்கும். சாயங்கால ஓபி ஓடவில்லை, ஏனென்றால் லேப் மூடியிருந்தது என்று அவர்கள் சொன்னால் உங்களுக்கு மூன்று மாதம் மிச்சம்.

நேரம் விஷயத்தில் என் ஆலோசனை கொஞ்சம் கடுமையானது. இதற்கென்று புது ரிஜிஸ்டர் தொடங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஏற்கனவே எழுதுகிறதிலிருந்து வாரத்துக்கு ஒரே ஒரு எண் எடுத்தால் போதும். அதற்கு மேல் கேட்பவர்களுக்கு இந்த முறை புரியவில்லை.

கேள்வி: நான் பீன்யாவில் சிஎன்சி ஆபரேட்டர். எங்கள் கம்பெனியில் குவாலிட்டி சர்க்கிள் (தொழிலாளர்களே கூடித் தரம் பேசும் சின்னக் குழு), மீன்முள் படம் (ஒரு கோளாறின் காரணங்களை மீன் எலும்பு மாதிரி வரைவது), கைசன் (விடாமல் செய்யும் சின்னச் சின்ன முன்னேற்றம்) எல்லாம் உண்டு. என் மனைவி சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். போன வாரம் அவளும் மீன்முள் படத்தோடு வீட்டுக்கு வந்தாள்! ஃபேக்டரி சரக்கைத்தான் ஆஸ்பத்திரியில் விற்கிறார்களா?
– பீன்யா வாசகர்

பதில்: ஆமாம், ஒரே குடும்பம்தான். 1924-இல் பெல் டெலிபோன் குழுமத்துக்குக் கருவி செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில் வால்டர் ஷூவார்ட் என்ற இயற்பியலாளர் ஒரு வரைபடம் போட்டார். உற்பத்தியில் தினமும் வரும் சாதாரண ஏற்ற இறக்கம் எது, உண்மையிலேயே ஏதோ கெட்டுப்போனதன் அறிகுறி எது என்று பிரித்துக் காட்டும் வரைபடம். அவரிடமிருந்து புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங், டெமிங் 1950-இல் ஜப்பானில் எடுத்த வகுப்புகள், 1962-இல் அங்கே பிறந்த குவாலிட்டி சர்க்கிள் என்று அந்த வழி போகிறது. நமக்குப் பக்கத்திலும் உண்டு. தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது 1998-இல் சுந்தரம் கிளேட்டன், 2002-இல் ஓசூரில் வண்டி செய்யும் டிவிஎஸ் மோட்டார். அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர், அவ்வளவு பக்கம். பெர்விக்கும் அவர் கூட்டாளிகளும் செய்தது, ஷூவார்ட்டும் டெமிங்கும் சொன்னதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்ததுதான்.

ஆனால் இரண்டு வித்தியாசத்தை உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். உங்கள் மெஷினில் வரும் இரும்புக்கு நாளைக்கு வரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை இல்லை, பிபி நோயாளிக்கு இருக்கிறது. அதனால் மீன்முள் படத்தில் "நோயாளியின் அலட்சியம்" என்று ஒரு முள் வரைந்துவிட்டால் அதோடு யோசனை நின்றுவிடும். அதை அழித்துவிட்டு "அவர் வருவதற்கு நாம் என்ன இடைஞ்சல் வைத்திருக்கிறோம்" என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, உங்கள் கம்பெனி கண்டுபிடித்த கைசனை எதிர்க் கம்பெனிக்குப் போய்ச் சொல்வீர்களா? வேலை போய்விடும். இங்கே சொல்லாவிட்டால்தான் தப்பு. பக்கத்து நிலையத்தின் உத்தியைக் காப்பியடிப்பது இங்கே பாராட்டப்படும் காரியம்.

கேள்வி: நான் மெடிக்கல் ஆபீசர். ஆறு நிலையங்களில் எங்கள் பிபி கட்டுப்பாட்டு எண்தான் மோசம். இதைக் கூட்டத்தில் காட்டினால் அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் ரேங்க் போட்டு வரும், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். உண்மையைக் காட்டச் சொல்கிறீர்களா?
– பெயர் வேண்டாம், ஃப்ரேசர் டவுன்

பதில்: டாக்டர், வந்த கேள்விகளிலேயே கனமானது உங்களுடையது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: ரேங்க் பட்டியல் வந்த நாளே இந்த முறை செத்துவிடும். எண்ணுக்காகத் திட்டு வாங்குகிறவர்கள் அடுத்த மாதம் நல்ல எண்ணோடு வருவார்கள், நோயாளியின் ரத்தக் கொதிப்பு அப்படியே இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் ஒரு சின்ன வழி உண்டு. எந்த நிலையத்தின் என்சிடி ரிஜிஸ்டரையும் (பிபி, சர்க்கரை போன்ற தொற்றா நோய்களுக்கான பதிவேடு) எடுத்து, மேல் பிபியின் கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள். கையால் பார்க்கும் பழைய கருவியில் கோடுகள் இரண்டு இரண்டாகப் போகின்றன, அதனால் 0, 2, 4, 6, 8 ஏறக்குறைய சமமாக வர வேண்டும். டிஜிட்டல் கருவி என்றால் பத்து இலக்கங்களும் கலந்து வர வேண்டும். பக்கம் பக்கமாக 120/80, 130/80, 130/80 என்று போனால், கருவியைப் பாதி பார்த்திருக்கிறார்கள் அல்லது பார்க்கவே இல்லை. 138 என்பது சந்தேகத்துக்கு இடமாக அடிக்கடி வந்தால், 140-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இது நர்ஸின் கெட்ட குணம் இல்லை. காலையில் நூற்றுக்கு மேல் ஓபி, ஒரே கருவி, மேலிருந்து இலக்கு, வேறு என்ன நடக்கும்?

இன்னொன்று. உங்கள் எண் மோசமாகத் தெரிவதற்கு நீங்கள் நேர்மையாக எண்ணுவதே காரணமாக இருக்கலாம். 200 பேர் பதிவு, இந்தக் காலாண்டில் வந்தவர்கள் 80, அதில் 60 பேருக்கு பிபி கட்டுக்குள் என்று வையுங்கள். வந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 75 சதவீதம், ஜோராக இருக்கும். பதிவு செய்த எல்லாரையும் கீழே போட்டால் 30. பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் என்று ஐந்து மாநிலங்களின் 25 மாவட்டங்களில் 2017-இல் தொடங்கிய ரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம் இரண்டாவது வழியில்தான் எண்ணியது: கட்டுக்குள் இருப்பவர், கட்டுக்குள் இல்லாதவர், வரவே இல்லாதவர் என்று மூன்று பெட்டி. மூன்றாவது பெட்டியை மறைக்காததுதான் அந்தத் திட்டத்தின் பலம் என்பது என் அபிப்பிராயம். ஆறு நிலையங்களும் ஒரே மாதிரி எண்ணுகின்றனவா என்று முதலில் கேளுங்கள், பாதி வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும்.

2023 மே மாதம் மத்திய அரசு, 2025-க்குள் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ள 7.5 கோடிப் பேரை முறையான சிகிச்சைக்குள் கொண்டுவருவது என்று இலக்கு வைத்தது. இலக்கு வைப்பதில் தப்பில்லை. ஆனால் பதிவு செய்வது சுலபம், மாதா மாதம் வரவைப்பது கஷ்டம். கீழே வரும்போது எது சுலபமோ அதுதான் எண்ணப்படும்.

அரசு நிலையங்களின் சுத்தத்துக்கான காயகல்ப் பரிசுக்கும் தரத்துக்கான என்குவாஸ் சான்றிதழுக்கும் மதிப்பெண் போடுகிறார்களே, அதுவும் தப்பா என்று கேட்பீர்கள். இல்லை. 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி என்பது பரீட்சை, பரீட்சை தேவைதான். தினமும் படிக்கும் நோட்டுப் புத்தகத்தையும் பரீட்சைத் தாளாகத் திருத்த ஆரம்பித்தால் பிள்ளை நோட்டில் எதையும் கிறுக்கிப் பார்க்காது. அதைத்தான் தடுக்க வேண்டும்.

நடைமுறையில் செய்யக்கூடியது: முதல் கூட்டத்திலேயே, இந்த எண்கள் குழுவுக்கு வெளியே போகாது, அல்லது நிலையத்தின் பெயர் இல்லாமல்தான் போகும் என்று எழுத்தில் வாங்குங்கள். மேலதிகாரி வரட்டும், தாராளமாக வரட்டும், ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் ஒரு தடையை நீக்கிக் கொடுக்க வேண்டும் என்று வேலை கொடுங்கள். உதாரணமாக, இரண்டாவது பிபி கருவி. அப்புறம் உங்கள் எண்ணை மற்ற ஐந்து பேரோடு ஒப்பிட வேண்டாம், உங்கள் போன மாதங்களோடு ஒப்பிடுங்கள். வாராந்தர எண்ணை ஒரு தாளில் புள்ளியாக வைத்து, எல்லாவற்றுக்கும் நடுமதிப்பில் (பாதிப் புள்ளிகள் மேலே, பாதி கீழே இருக்கும்படி) ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் ஏறினால் கைதட்ட வேண்டாம், தீபாவளி வாரத்தில் இறங்கினால் யாரையும் கடிய வேண்டாம். தொடர்ந்து ஆறு புள்ளிகள் கோட்டின் ஒரே பக்கம் இருந்தால் உண்மையாகவே ஏதோ மாறியிருக்கிறது, அப்போது என்ன செய்தோம் என்று தேடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ரேங்க் பட்டியல் வரும் என்றால்? அந்தக் குழுவிலிருந்து மரியாதையாக விலகிக்கொண்டு, உங்கள் நிலையத்துக்குள் மட்டும் செய்யுங்கள். பொய் எண்ணோடு கூடி உட்காருவதைவிட அது மேல்.

கேள்வி: நான் ஆஷா பணியாளர். தமிழ், கன்னடம் இரண்டும் பேசுவேன். வீடு வீடாகப் போவது நாங்கள், ஆனால் கூட்டத்தில் எங்களுக்குக் கடைசி வரிசை. ஏதாவது சொல்லப் போனால் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். நான் பேசலாமா?
– ஈஜிபுரா

பதில்: நீங்கள் பேசாவிட்டால் அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிடலாம் சகோதரி. தேசிய நகர்ப்புற சுகாதாரத் திட்டத்தின் கணக்குப்படி ஒரு சுகாதார நிலையத்துக்கு ஏறக்குறைய 50,000 பேர். அந்த ஐம்பதாயிரம் பேரின் சமையலறை வரை தெரிந்தவர்கள் நீங்களும் உங்கள் கூட்டாளிகளும் மட்டும்தான்.

எனக்கு ஒரு ஆஷா அக்கா சொன்ன விஷயம் இது. அவர் பார்க்கும் தெருக்களில் காவிரித் தண்ணீர் வாரத்தில் குறிப்பிட்ட சில கிழமைகளில் மட்டும் காலையில் வரும். நிலையத்தில் பிபி, சர்க்கரை பார்க்கும் நாள் எது என்று பார்த்தால், தண்ணீர் வரும் நாள். குடத்தை விட்டுவிட்டு எந்தப் பெண் கிளினிக்குக் கிளம்புவாள்? இதை எந்தப் போர்ட்டலும் சொல்லாது, எந்த ஆலோசகரும் அமெரிக்காவிலிருந்து வந்து கண்டுபிடிக்க மாட்டார். அதே மாதிரி, ஆடி மாதம், பொங்கல், ஊர்த் திருவிழா என்றால் வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கம் பாதித் தெரு கிளம்பிவிடும், போகிறவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரையைக் கொடுத்து அனுப்பாவிட்டால் திரும்பி வரும் வரை மாத்திரை இல்லை. கார்மென்ட்ஸில் வேலை செய்கிற பெண்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் நாள். போன் நம்பர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும் வீடுகள் எவை, மகளின் நம்பரை வாங்கி வைத்தால் போதும் என்ற வீடுகள் எவை என்பதும் உங்களுக்குத்தான் தெரியும்.

எப்படிப் பேசுவது என்றால், பொதுவாகப் பேச வேண்டாம். "மக்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்றால் "ஆமாம் ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள். "என் தெருக்களில் இந்த மாதம் வராத பன்னிரண்டு பேரைப் பார்த்தேன், அதில் ஏழு பேருக்கு வியாழக்கிழமை தண்ணீர் நாள், புதன்கிழமைக்கு மாற்றிப் பார்க்கலாமா" என்று கேளுங்கள். எண்ணோடும் யோசனையோடும் வருகிற ஆளை "அப்புறம்" என்று சொல்வது கஷ்டம். இதைப் படிக்கும் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூட்டத்தில் முதலில் ஆஷாக்கள் பேசட்டும், கடைசியில் நீங்கள் பேசுங்கள். டாக்டர் வாய் திறந்த பிறகு அதை மறுத்துப் பேசும் தைரியம் நம் ஊரில் யாருக்கும் வருவதில்லை.

2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது, செய்தித்தாளெல்லாம் போட்டோ. விருது சரி, இந்தக் கூட்டத்துக்கு வந்துபோகும் பஸ் காசையும் அன்றைய ஊக்கத்தொகையையும் யார் தருவார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அது தராமல் "குழு வேலை" என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வி: ஹெச்ஏஎல்-இல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுகாதார நிலையத்தில் பார்த்தால் பிபி 160, வீட்டில் பார்த்தால் 134. யாரை நம்புவது? உங்கள் தர மேம்பாட்டில் என் போன்ற கிழவனுக்கு என்ன வேலை?
– சி.வி. ராமன் நகர்

பதில்: ஐயா, அடுத்த முறை போகும்போது, ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் படும்படி உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள். பட்டை சட்டைக் கைக்கு மேலே சுற்றக் கூடாது, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும், பார்க்கும்போது நீங்களும் பேசக் கூடாது, சிஸ்டரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. மாடி ஏறி வந்த மூச்சோடு பார்த்தால் எண் ஏறத்தான் செய்யும். வீட்டில் பார்த்ததைத் தேதியோடு எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள், அவர் முடிவு செய்யட்டும், நீங்களாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம். உங்களுக்கான வேலை என்று கேட்டால், நிலையத்தில் ஆரோக்ய ரக்ஷா சமிதி (நிலையத்தின் நிர்வாகத்தைக் கவனிக்கும் குழு) இருக்கிறதா, அதில் நோயாளி தரப்பில் யார் உட்காருகிறார்கள் என்று விசாரியுங்கள். காத்திருக்கும் இடத்தில் பிபி பார்க்க ஒரு சாய்வு நாற்காலியும் மேசையும் போடச் சொன்னாலே அது தர மேம்பாடுதான்.

கேள்வி: பொது சுகாதாரம் படிக்கிற மாணவி நான், சொந்த ஊர் திருச்சி. இந்தக் கூட்டுமுறை உண்மையில் பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா, இல்லை நம்பிக்கையா?
– கோரமங்களா

பதில்: ஆதாரம் இருக்கிறது, ஆனால் தம்பட்டம் அடிக்கிற அளவுக்கு இல்லை. 2008-இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பில், ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியோடு செய்த ஆய்வுகள் ஒன்பதுதான் தேறின, அதில் ஏழு ஏதாவது ஓர் அளவில் பலன் காட்டின. பத்து ஆண்டு கழித்து வந்த இன்னொரு தொகுப்பில் 64 ஆய்வுகள், அதில் 83 சதவீதம் முக்கிய அளவுகளில் ஒன்றிலாவது முன்னேற்றம் சொல்லின. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தோற்றுப்போன முயற்சியைக் கட்டுரையாக எழுதி அனுப்புகிறவர் எத்தனை பேர்? ஆர்வம் உள்ள நிலையங்கள்தான் முதலில் சேருகின்றன, அவை எப்படியும் கொஞ்சம் முன்னேறியிருக்கும் இல்லையா? அதனால் பலன் உண்டு, மிதமான பலன், இடத்துக்கு இடம் மாறும் என்பதுதான் நியாயமான பதில்.

ஆரம்ப சுகாதாரத்தில் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள், 2000-இல். ஆஸ்திரேலியா 2004-இல் அதைப் பின்பற்றியது. கானாவில் 2008 முதல் 2015 வரை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாவைக் குறைக்க இதே முறையில் நாடு முழுவதும் போனார்கள். இந்தியாவில் டெல்லி எய்ம்ஸின் பச்சிளங்குழந்தைப் பிரிவு உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து, வார்டில் வேலை செய்யும் நர்ஸும் டாக்டரும் தாங்களே கற்றுக்கொள்ளும்படி நான்கு படிகள் கொண்ட எளிய பாடம் ஒன்றை உருவாக்கியது. ஆய்வேடுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், "பலன் உண்டா" என்று கேட்காதீர்கள், பயிற்சியாளர்கள் கிளம்பிப் போன இரண்டு ஆண்டுக்குப் பிறகு எந்த நிலையத்தில் இன்னும் அந்தப் புள்ளித் தாள் சுவரில் இருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். அதைப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு.

கேள்வி: நான் பார்மசிஸ்ட். எல்லாரும் வரிசை, நேரம், போன் என்று பேசுகிறார்கள். பிபிக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையே ஸ்டாக் இல்லாத மாதத்தில் என்ன தர மேம்பாடு? வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லும்போது திட்டு வாங்குவது நான்தான்.
– ஸ்ரீராமபுரம்

பதில்: நீங்கள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. மருந்து வருவது உங்கள் குழுவின் கையில் இல்லை, கையில் இல்லாததைச் சிரித்த முகத்தால் சரிக்கட்ட முடியாது.

ஆனால் ஒன்று கவனித்திருப்பீர்கள். போன ஆண்டு எவ்வளவு செலவானதோ அதை வைத்து இந்த ஆண்டு இன்டென்ட் (மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல்) போடச் சொல்கிறார்கள். போன ஆண்டு மூன்று மாதம் மாத்திரையே இல்லை என்றால் செலவும் குறைவாகத்தான் காட்டும், அதை வைத்துக் கேட்டால் இந்த ஆண்டும் குறைவாக வரும், மறுபடியும் தீரும். பற்றாக்குறை தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. இதை உடைக்க ஆள் கணக்கில் கேட்க வேண்டும். அம்லோடிபின் சாப்பிடுகிறவர்கள் 300 பேர், தினம் ஒரு மாத்திரை என்றால் மாதத்துக்கு 9,000. மூன்று மாதக் கையிருப்பு வேண்டும் என்றால் 27,000. இரண்டு மாத்திரை எழுதப்பட்டவர்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், புதிதாகப் பதிவாகிறவர்களுக்குக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

இந்தக் கணக்கை நீங்கள் ஒருவர் அனுப்பினால் "அதிகமாகக் கேட்கிறார்" என்று கோப்பில் தூங்கும். ஆறு நிலையத்தின் பார்மசிஸ்ட்டுகளும் ஒரே தாளில், ஒரே முறையில், எந்தெந்தத் தேதியில் கையிருப்பு பூஜ்யம் ஆனது, அந்த நாட்களில் எத்தனை பேரை வெறுங்கையோடு அனுப்பினோம் என்பதையும் பக்கத்தில் எழுதி, ஆறு டாக்டர்களின் கையெழுத்தோடு அனுப்பிப் பாருங்கள். கூட்டாக வேலை செய்வதில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான், ஆனால் எந்தப் பயிற்சிக் கையேடும் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. அடுத்த கூட்டத்தில் மருந்துக்கு அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அதுவரைக்கும் ஸ்டாக் பக்கத்து நிலையத்தில் இருக்கிறதா என்று பார்த்துக் கடனாக மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள், எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு.